வெள்ளைக் கவுனும் கால் கிலோ பால்கோவாவும்

நேற்று மத்தியானம் உன் மகள் வந்திருந்தாள், கையில் அரைக் கிலோ பால்கோவாவோடு. பட்டர் பேப்பரைப் பிரித்ததும் சுண்டிய பாலும் நெய்யும் கலந்த அந்த வாசனை எழுந்தது. ஊரில் மற்றவர்களுக்கு அந்த வாசனை வந்தால் ஆண்டாள் கோவில் ஞாபகம் வரும், தேர் ஞாபகம் வரும். எனக்குப் பேய் ஞாபகம் வந்தது. அதற்கடுத்து நீ வந்தாய். கோபித்துக்கொள்ளாதே, உங்கள் இரண்டு பேரையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

புறப்படும்போது உன் மகள் கேட்டாள். "சித்தி, அம்மா எப்பவும் சொல்லுமே, அந்தக் கண்ணாடிப் பேய்ப் படம், அது மூணு பாகமும் இப்ப டிவியிலயே இருக்கு. போட்டுட்டுப் போகட்டா?"

போட்டுவிட்டுப் போனாள். நேற்று இரண்டு பாகம், இன்று காலை ஒன்று. மூன்றையும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்து முடித்தேன். நம் இத்தனை வருடப் பழக்கத்தில் இதுதான் முதல் தடவை என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிய எத்தனை வருடம் ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திர ஆபீசில் நகலெடுக்கும் பிரிவில் நாம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பத்திரத்தைக் கையால் நகலெடுத்த காலம். எடுத்த நகலை மூலத்தோடு ஒப்பிட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி மூலத்தை உரக்க வாசிக்க வேண்டும், இன்னொருத்தி நகலில் விரலை வைத்துத் தொடர வேண்டும். வாசித்தது நான், ஒப்பு நோக்கியது நீ. முடிவில் இருவரும் கையெழுத்துப் போடுவோம். 'வண்டிப்பாதைக்குக் கிழக்கு, பொதுக் கிணற்றுக்கு மேற்கு' என்று நான் ராகம் போட்டு ஓடிக்கொண்டிருப்பேன். உன் விரல் சட்டென்று நிற்கும். "ஏட்டி, நில்லு. வேப்பமரம் ஒண்ணா, ரெண்டா?" என்பாய். தூக்கக் கலக்கத்தில் நான் விட்ட ஒரு மரத்தைக்கூட நீ விட்டதில்லை. பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் "சரியா இருக்கு" என்பாய். உன் வாயிலிருந்து பாராட்டு என்று வந்தது அவ்வளவுதான். நானும் அதற்காக மாடாய் உழைத்தேன்.

இரண்டாவது சனிக்கிழமைகளில் நீ மம்சாபுரத்திலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையத்துக்கு என் வீட்டுக்கு வருவாய். மாமியாரிடம் சேக்காளி வீடு என்று சொல்லியிருப்பாய். பொய்யில்லை. சேக்காளி வீட்டில் பத்து நிமிஷம் இருந்து காப்பி குடித்த பிறகுதான் மேட்னி ஷோவுக்குக் கிளம்புவோம்.

எண்பதுகளில் நம் ஊருக்கு வந்த இங்கிலீஷ் பேய்ப் படங்களுக்கு இரண்டு பாதுகாப்புகள் இருந்தன. ஒன்று, பேசுவது யாருக்கும் புரியாது. இரண்டு, சுவரொட்டியிலேயே 'இளகிய மனம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பார்க்க வேண்டாம்' என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நீ போயே தீரவேண்டும் என்று நின்றாய்.

கண்ணாடிப் பேயின் முதல் பாகம். ஏரிக்கரையில் ஒரு பங்களா, அதை வாங்கிக் குடிவரும் குடும்பம், கால் நொண்டும் தோட்டக்காரன், மாடியில் துணி போட்டு மூடிய ஆளுயரக் கண்ணாடி. துணி தானாக நழுவியது. நம் வரிசையிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது பார், முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரையை விட்டுவிட்டு நம்மைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து உன் வீட்டுக்காரரின் சித்தப்பா எழுந்து நின்று, "யாருத்தா அது, நம்ம மம்சாபுரத்துப் பிள்ளையா?" என்று கேட்டார். அந்த அலறல் உன்னுடையது என்றுதான் நான் வெகுகாலம் சொல்லிவந்தேன். நீயும் மறுத்ததில்லை.

நீ சட்டென்று பையைத் திறந்து, என் வீட்டுக்கென்று வாங்கி வந்து கொடுக்க மறந்த பால்கோவாவில் ஒரு உருண்டை பிடித்து என் வாயில் திணித்தாய். "மெல்லாத. அப்படியே வச்சிரு. வாய் நெறஞ்சிருந்தா சத்தம் வராது." அன்றிலிருந்து அது நம் முறையாகிவிட்டது. பின்னணியில் வயலின் இழுக்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு உருண்டை. படத்தின் தரத்தையே அதை வைத்துத்தான் சொல்வோம். "சுமாரான படம்ட்டி, நூறு கிராம்கூடச் செலவாகல" என்று உதட்டைப் பிதுக்குவாய். கண்ணாடிப் பேய் முழுக் கால் கிலோ படம்.

உருண்டை கரைந்ததும் நீ முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு என் தொடையைக் கிள்ளினாய். "என்னாச்சுட்டி? சொல்லு. எனக்குப் பயமா இருக்கு, நீ பாத்துச் சொல்லு."

இங்கேதான் என் குற்றம் ஆரம்பிக்கிறது. நானும் கண்ணை இறுக மூடியிருந்தேன். ஆனால் ஆபீசில் வாசிப்பவள் நான். ஒப்பு நோக்குபவள் கேட்கும்போது வாசிக்காமல் இருக்கலாமா? மூடிய கண்ணோடு வாசிக்க ஆரம்பித்தேன்.

"பேய் வந்திருச்சு. செவப்புக் கவுனு. முடியை விரிச்சுப் போட்டிருக்கு. தோட்டக்காரனைத் தொரத்துது. வடக்கால ஒரு கெணறு இருக்கு. ஐயோ, உள்ள தள்ளிட்டுது. செத்தான்."

"கெணத்துக்குச் சுத்துச்சுவர் இருக்கா?"

"இருக்கு. இடிஞ்சு கிடக்கு."

"சரியா இருக்கு," என்றாய். அந்த இருட்டில் எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தைரியசாலி நான், பயந்தாங்கொள்ளி நீ என்று அன்றே முடிவுகட்டிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நீ அந்தக் குடும்பத்தைத் திட்டிக்கொண்டே வந்தாய். "வீடு வாங்குறவன் முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாக்க வேண்டாமா? பேய் எம்புட்டு காலமா அங்க இருக்கு! அனுபவ பாத்தியதை அதுக்குத்தானே? கேஸ் போட்டா பேய்தான் ஜெயிக்கும்." நான் நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. அப்போது உன் வயிற்றில் இந்த மகள், ஐந்து மாதம். டிக்கெட் கிழிப்பவர் சுவரொட்டியையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள இருக்கதுக்கு நான் டிக்கெட் எடுக்கலண்ணே, அது பாக்காது" என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டாய். படம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை. பங்களாக் கதவைத் திறந்துகொண்டு காலை இழுத்து இழுத்து வந்தான் தோட்டக்காரன்.

நான் கொன்ற தோட்டக்காரன். எனக்கு அவன்தான் பேயைவிடப் பெரிய பேயாகத் தெரிந்தான்.

"ஏட்டி," என்று காதில் கேட்டாய். "இவன் கெணத்துல விழுந்து செத்தான்ல?"

"இவன் அவன் தம்பி."

"தம்பிக்கும் அதே கால் நொண்டியா?"

"குடும்ப வியாதி."

"வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருப்பானா?" என்றாய். "வாங்கிட்டுத்தான் வேலைக்கே சேர்ந்தான்" என்றேன். "அப்பச் சரி" என்று முந்தானைக்குள் போய்விட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பாகம் முழுக்க எனக்குப் படம் பார்க்க நேரமில்லை. தம்பிக்கு ஒரு பெண்டாட்டி, அவளுக்கும் செத்த அண்ணனுக்கும் ஒரு சொத்துத் தகராறு என்று திரையில் இல்லாதவர்களையெல்லாம் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பாகத்துக்குத்தான் நான் உண்மையிலேயே பயந்தேன். தொண்ணூறுகள் பிறந்திருந்தன. சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான், 'தமிழ் பேசுகிறது' என்று. இனி முந்தானைக்குள் இருந்தாலும் உனக்குக் காது கேட்குமே! போகவேண்டாம் என்று தலைவலி சொன்னேன், வீட்டுக்குத் தூரம் என்றேன், உன் மாமியாரைச் சொன்னேன். நீ கால் கிலோவோடு வாசலில் வந்து நின்றாய்.

படத்தில் ஒரு கிழவி தோட்டக்காரனைப் பார்த்து, "முப்பது வருஷமாக நீ ஒருவனே இந்த வீட்டுக்குக் காவல்" என்று தெள்ளத் தெளிவாகச் சொன்னாள். தம்பி போனான், வாரிசுச் சான்றிதழ் போனது. நான் உன் பக்கம் திரும்பினேன். "தமிழ்ல பேச வச்சவன் தப்பாச் சொல்லுதான்ட்டி. இங்கிலீஷ்ல வேற மாதிரி இருந்துச்சு," என்றேன். நீ முந்தானைக்குள்ளிருந்தே தலையாட்டினாய். "அவனுக்கு ஒப்புப் பாக்க ஆளில்ல போல," என்றாய். தப்பித்தேன் என்று நானே ஒரு உருண்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் சில வருடங்கள் கழித்து, மதுரையில் அந்த ஆஸ்பத்திரி. சாயங்கால வெயில் உன் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. உன் வீட்டுக்காரர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்து, "அவளுக்குத் தெரிய வேண்டாம்மா" என்றார். உள்ளே வந்தேன். நீ காகிதத்தைப் பார்த்தாய், கண்ணை மூடிக்கொண்டாய்.

"இங்கிலீஷ்ல இருக்கும். நீ வாசி. நான் கேக்கேன்."

வாசித்தேன். பத்திரம் வாசிக்கிற அதே ராகத்தில் வாசித்தேன். "ரத்தம் கொறைவாம். ஈரல்ல லேசா வீக்கமாம். மூணு மாசம் மருந்து சாப்பிட்டா வத்திருமாம்." அந்தக் காகிதத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

"சரியா இருக்கு," என்றாய். நான் காகிதத்தை மடித்தேன். கண்ணைத் திறக்காமலே நீ கேட்டாய்.

"ஏட்டி, அந்தக் கண்ணாடிப் பேய் என்ன கலர் கவுனு?"

"செவப்பு."

"வெள்ளை. அந்தப் படத்துல கெணறே கிடையாது. தோட்டக்காரன் சாகவும் இல்ல, அவனுக்குத் தம்பியும் இல்ல."

"நீதான் மூடிக்கிட்டு இருந்தியே?" என்றேன்.

"நான் கட்டுறது மெல்லிசு வாயில் சேலைட்டி. அதுக்குள்ள இருந்து பாத்தா மதுரையே தெரியும்."

"பொறவு எதுக்கு இம்புட்டு வருசமா என்னாச்சு, என்னாச்சுன்னு கேட்ட?"

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "உன் கை கிடந்து நடுங்கும். கேட்டா, சொல்லுத மும்முரத்துல நடுக்கம் நின்னுரும். அதான் கேட்டேன்." பிறகு என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாய். "இப்பவும் நடுங்குது பாரு. இன்னொரு வாட்டி வாசி. மொதல்ல இருந்து வாசி."

மறுபடியும் வாசித்தேன். ரத்தம் குறைவு, லேசான வீக்கம், மூன்று மாத மருந்து. நீ கட்டில் விரிப்பில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டே கேட்டாய். இரண்டு பேருக்கும் தெரிந்த பொய்யை அவ்வளவு கவனமாக நாம் ஒருநாளும் ஒப்புப் பார்த்ததில்லை. மூன்று மாதம் என்று நான் சொன்ன கணக்குக்கு நீ இரண்டு மாதம்தான் இருந்தாய்.

நேற்று படத்தைப் பார்த்தேன். கவுன் வெள்ளைதான். கிணறு இல்லை. பேய் மொத்தமாக அரை நிமிஷம் வருகிறது, மாவு மில்லிலிருந்து நேராக வந்தவள் மாதிரி இருக்கிறாள். இதற்கா அலறினேன் என்று வெட்கமாக இருந்தது. ஆமாம், அலறியது நான்தான், எழுதிக்கொடுத்துவிடுகிறேன். இரண்டாம் பாகத்தில் வீட்டுக்காரியாக வருபவளே வேறு ஆள், அதற்கு அவர்கள் ஒரு காரணமும் சொல்லவில்லை. நானாக இருந்தால் தங்கச்சி என்றாவது சொல்லியிருப்பேன். சும்மா சொல்லவில்லை, என் படம்தான் நன்றாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குங்க. உள்ள என்ன செய்வாங்க, சொல்லுங்க" என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினார். பாதிக்கு மேல் அவராகக் கட்டியது. பிறகு இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இன்றுவரை வீட்டில் தைரியசாலி அவர்தான்.

எழுதி முடித்ததும் பழக்கத்தில் இதை முதலிலிருந்து உரக்க வாசித்தேன், எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு. ஒரு இடத்திலும் யாரும் நிறுத்தவில்லை. வேப்பமரம் ஒன்றா இரண்டா என்று கேட்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு உன் 'சரியா இருக்கு'வுக்காகக் காத்திருந்தேன். அலறி அழ வேண்டும் போல இருந்தது. பக்கத்து அறையில் அவர் தூங்குகிறார். உன் மகள் கொண்டுவந்த பால்கோவாவில் ஒரு உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டேன். மெல்லாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.