பேட்டரி உள்ளே வரக்கூடாது

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. மதினி நலம். பட்டாசு லோடு தவறாமல் போகிறது. எனக்குத்தான் சரியில்லை. உங்களுக்கு வந்த அதே பார்க்கின்சன் நடுக்கம், அதே வலது கை. முன்பு மாத்திரைக்குக் கேட்டது, இப்போது கேட்பதில்லை. மூளையில் கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி பொருத்திவிடலாம் என்கிறார் மதுரை டாக்டர்.

உங்களுக்குச் செய்தபோது கூடவே இருந்து பார்த்தவன்தானே நான். காப்பி டம்ளரைச் சிந்தாமல் தூக்கினீர்கள், மதினி அழுதார். உடம்பு தேறியதும் கம்பெனிக்குக் கிளம்பினீர்கள். செல்போனை வாசலில் கொடுத்துவிட்டு, உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே கால் வைக்கப் போனால், போர்மேன் மறித்தார்.

"மொதலாளி, பேட்டரி எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

உங்கள் முகம் சுண்டிப்போனது. பிறகு சிரித்தீர்கள். "சரிதாம்ப்பா" என்று திரும்பியவர், கடைசிவரை உள்ளே போகவில்லை. தகனத்துக்கு முன் அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்தார்கள். நெருப்பில் வெடிக்குமாம். நமக்குச் சொல்லவா வேண்டும்?

அதனால்தான் ஆப்பரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தேன். நானும் வெளியே நின்றால் உள்ளே பார்க்க யார்? துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

நேற்று உங்கள் மகள் செல்வி என்னை வாசலில் நிறுத்தினாள். இப்போது அவளும் போர்மேன் பரீட்சை எழுதி பாஸாகியிருக்கிறாள்.

"சித்தப்பா, உள்ள போகவேணாம்."

"எனக்கு இன்னும் பேட்டரி வைக்கலையே, தாயி."

"பேட்டரியவிட இந்தக் கைதான் பயமா இருக்கு. வெடிமருந்துகிட்ட கை தவறிருச்சுன்னா? உள்ள அம்புட்டுப் பேரு இருக்காக."

கோபம் வந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்னையே மறிக்கிறாளே என்று. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? அன்று எப்படிச் சிரித்தீர்கள் அண்ணே? எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

புதன்கிழமை ஆப்பரேஷன். விழித்திருக்கும்போதே மண்டையில் துளை போடுவார்கள் என்பது தெரிந்ததால் பயம் கூடுதலாகவே இருக்கிறது. இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன். கை நடுக்கம் நின்றாலும் அந்த வாசலைத் தாண்ட மாட்டேன். மனசு இரங்கி செல்வியே கூப்பிட்டாலும் போக மாட்டேன். இது உங்களுக்குச் செய்கிற சத்தியம்.

என்றும் உங்கள் பின்னால் வரும்,
தம்பி