தடியனை எடுத்த மதினிக்கு

மதினி,

நேற்று உங்கள் மகளின் லாப்டாப்பில் அந்த இசை ஓடியது. சண்டைக்கு ஆளைப் பொறுக்கும் திரையில், நாம் பொறுக்கி முடிக்கும்வரை விடாமல் சுற்றிச் சுற்றி வருமே, அதுதான். அடுக்களையில் கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தேன். பழைய விளையாட்டைப் புதிதாக விற்கிறார்களாம், வாங்கியிருக்கிறாள். கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத் தீர்ப்பும் சொன்னாள்.

"இதெல்லாம் ஒரு கேமா அத்தே? நாலு பேருதான் ஜெயிப்பான். பாக்கியெல்லாம் சும்மா கூட்டத்துக்கு."

எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அவள் சொன்னது பொய்யில்லை. நமக்குத் தெரியாததா? படக்கதை வீரர்களையும் வீடியோ கேம் வீரர்களையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டவர்கள், எடை போட்டுப் பார்க்க மறந்துவிட்டார்கள். நாலு பேர் வானத்திலேயே நின்று சுடுவார்கள், கீழே இருப்பவன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் யாரை யாரோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று வேறு எந்த விளையாட்டு விட்டது? மூன்று பேர் ஒரு அணி. களத்தில் இருப்பவன் அடிபடும்போது பட்டனைத் தட்டினால் வெளியே நிற்பவன் பாய்ந்து வந்து ஒரு அடி கொடுத்துவிட்டுப் போவான். உதவிக்கு வந்தவனுக்கும் அடி விழும். அந்த நியாயம் உங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

கம்பத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த உங்களுக்கு முதலில் மலையாளம் வரவில்லை, இது வந்துவிட்டது. அண்ணன் கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கிய கேம் பெட்டி அது. ஆடியதைச் சேமிக்கும் மெமரி கார்டு மட்டும் அதில் இல்லை. வீரர்களில் பாதிப் பேர் பூட்டிக் கிடப்பார்கள், ஆடி ஆடிப் புள்ளி சேர்த்துத்தான் திறக்க வேண்டும். பெட்டியை அணைத்தால் திறந்தவர்கள் எல்லோரும் திரும்பவும் பூட்டுக்குள். அதனால் நாம் அதை அணைப்பதே இல்லை. டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டி தூசியடையாமல் ஒரு துண்டைப் போட்டு வைப்போம். சூடாகிறதே என்று நான் ஒருநாள் துண்டை நனைத்துப் போட்டேன். நீங்கள் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. சுக்குக் கிடங்கில் வேலை முடித்து வந்து நான் தொட்டுத் தொட்டு, அந்தக் கன்ட்ரோலர் முழுக்கச் சுக்கு வாசம்.

மழைக்காலத்தில் கரண்டு போனால் எல்லாம் போய்விடும். நான் தலையில் கைவைத்து உட்காருவேன். நீங்கள் ஒன்றுதான் சொல்வீர்கள்: "போச்சுன்னா போகட்டும். மறுபடி தொறப்போம்."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டி அண்ணனின் கூட்டாளிகளுக்கு. நமக்குச் சாயா போடுகிற வேலை. ஒரு ஞாயிறு, ஷாஜி சேட்டன் வந்த வேகத்தில் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மழைக்காலம் முடிந்து நாம் திறந்து வைத்திருந்த அத்தனை பேரும் போனார்கள். வெறும் கேம்தானே சேச்சி என்று சிரித்தார். நீங்கள் சாயா தட்டைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தீர்கள்.

"நான் ஜெயிச்சா இந்த ஸ்விட்ச்ச இனிமே எவனும் தொடக் கூடாது. ஞாயித்துக்கெழமையும்தான்."

அவர்கள் வானத்தில் நிற்பவர்களை எடுத்தார்கள். நீங்கள் முதல் ஆளாக மல்யுத்தக்காரனை எடுத்தீர்கள். நடக்கவே நேரமெடுக்கும், யாரும் சீண்டாத ஆள். தடியன் என்று நீங்கள் பேர் வைத்த ஆள். அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று, கிட்டே போய்ப் பிடித்துவிட்டால் விடமாட்டான். அடி வாங்கிக்கொண்டே அவனை நடத்திப் போனீர்கள். மேலே நிற்பவர்கள் எப்போதாவது கீழே இறங்கத்தானே வேண்டும்? இறங்கிய இடத்தில் தடியன் நின்றான். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து தோற்றார்கள். கடைசியில் ஷாஜி சேட்டனே ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு யாரும் அந்த ஸ்விட்சைத் தொடவில்லை.

உங்கள் மகள் நடக்கப் பழகிய வருடம், மழைக்காலக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. துக்கத்துக்கு வந்த ஒருத்தி துண்டுக்கடியில் பெட்டியின் விளக்கு எரிவதைப் பார்த்து அணைக்கப் போனாள். தொடாதே என்று கத்தினேன். பிணம் கிடக்கிற வீட்டில் இவளுக்கு விளையாட்டுப் பித்து என்றார்கள். சொன்னால் சொல்லட்டும். நீங்கள் திறந்து வைத்தவர்கள் அதற்குள் இருந்தார்கள், நான் எப்படி விடுவேன்? காரியம் முடிவதற்குள் மழையில் கரண்டு போய்விட்டது. அதுவரை அழாதவள் அன்றுதான் அழுதேன்.

இந்தப் புதியதில் யாரும் பூட்டிக் கிடக்கவில்லை. அணைத்தாலும் எதுவும் போகாது. நேற்று அவள் வானத்தில் நிற்கும் மூவரை எடுத்தாள், நான் முதல் ஆளாகத் தடியனை எடுத்தேன். நடக்கத் தொடங்குவதற்குள் செத்தான். வேறு ஆளை எடு என்றாள். மறுபடியும் தடியன். மறுபடியும் செத்தான். மூன்றாவது தடவையும் நான் ஆளைப் பொறுக்கும் கட்டத்தை அவன்மேலேயே கொண்டுபோய் நிறுத்தியதும், அவள் ஆடுவதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாவும் இப்படித்தான் ஆடுவாங்களா?"

"இல்ல. உங்கம்மா ஜெயிப்பாங்க. தோக்கறது நான்தான்" என்றேன். "மறுபடி போடு."