அறுபத்தொன்று காய்க்காது

நவம்பர் 18

இந்த வருஷத்தின் முதல் உறைபனி. வெளிப் பாத்தியில் இருந்த அத்தனை உண்ணிச்செடியும் வெந்த கீரை மாதிரி தொங்கிப்போயிருந்தன. ஒன்றைத் தவிர.

அறுபத்தொன்றாம் நம்பர் செடி. இலையின் ஓரத்தில் பனி வெள்ளையாக ஒட்டியிருக்க, மேலே மஞ்சள் பூ. நேற்று எத்தனை கொத்தோ இன்றும் அத்தனை. தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன், ஈர மண் என்றுகூடப் பார்க்காமல். பதினான்கு வருஷம். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

பிறகு எழுந்து, வாடின இரண்டு கொத்தைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணனைக் கூப்பிடப் போனேன்.

நவம்பர் 20

நர்சரி அண்ணனுடையது. புது வகை உண்டாக்குகிற வேலை என்னுடையது. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தொட்டு வைத்து, பெயர்ச்சீட்டு கட்டி, விதை எடுத்து, முளைக்கவைத்து, தொண்ணூற்றொன்பதைக் குப்பையில் போட்டு ஒன்றை வைத்துக்கொள்கிற வேலை. அண்ணி இதை "செடிக்குக் கல்யாணத் தரகு" என்பார்கள்.

மூன்று வேண்டும். பனியில் சாகக்கூடாது. பூ நிற்கக்கூடாது. விதை வைக்கக்கூடாது. முதல் இரண்டும் வாங்குகிறவர்களுக்கு. மூன்றாவது அனுமதி அலுவலகத்துக்கு. உண்ணிச்செடி மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் விழுங்கின கதை தெரியாதவர்கள் இல்லை. இலையைத் தின்ற ஆடு மாடு தோல் வெந்து சாகும். எங்கள் பக்கம் அது பரவாததற்கு ஒரே காரணம் குளிர். குளிர்தான் வேலி. அந்த வேலியைப் பிடுங்குவதுதான் நான் பதினான்கு வருஷமாகப் பார்க்கிற வேலை. எழுதிப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது. அதனால்தான் விதையே கூடாது.

அறுபத்தொன்றுக்கு இரண்டு வருஷக் குறிப்பேடு இருக்கிறது. வாராவாரம் என் கையெழுத்தில்: காய் — இல்லை. காய் வைக்காத செடிக்குப் பூக்கிறதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால்தான் பூ ஓயவில்லை. கணக்கு சரியாக உட்காருகிறது.

இன்று அதைத் தொட்டிக்கு மாற்றிக் கண்ணாடி அறையில் வைத்துப் பூட்டினேன். ஹீட்டர் கிடையாது, குளிர் பட வேண்டும். ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை. ஒரு ஈ நுழைய முடியாது.

டிசம்பர் 2

கன்று வாங்குகிற கம்பெனிக்காரர் வந்தார். கிளை வெட்டிப் பதியம் போட்டு வசந்தத்துக்குள் ஐநூறு கன்று வேண்டுமாம். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

"ஒரு காய்கூட பார்த்ததில்லையே மேடம்?"

"இல்லை."

உண்மைதானே. பார்த்ததில்லை. விதை வைக்காது என்று அனுமதி அலுவலகத்துக்குக் கொடுக்கிற உறுதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி மட்டும் அறைக்குள்ளே வரவில்லை. வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உண்ணி இலையின் வாடை அவர்களுக்கு ஆகாது. "பூ பூக்குது, வாசனை இல்ல. பனி பெய்யுது, சாகல. எனக்கென்னவோ இது நல்லதாத் தெரியல" என்றார்கள். உங்களுக்கு எதுதான் அண்ணி நல்லதாகத் தெரிந்திருக்கிறது என்றேன். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 11

ஒன்று புரியவில்லை.

உண்ணிப் பூ விரியும்போது மஞ்சள். மகரந்தம் பட்டுவிட்டால் ஓரிரு நாளில் சிவக்கும். பூச்சிக்கு "இங்கே வேலை முடிந்தது, பக்கத்துப் பூவுக்குப் போ" என்று சொல்கிற மாதிரி. படாத பூ மஞ்சளாகவே வெளுத்து உதிரும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

காலையில் போனால் கொத்துகள் சிவந்திருக்கின்றன. ஓரத்திலிருந்து உள்ளே, வரிசையாக.

பூட்டிய அறை. வலை கிழியவில்லை. வெளியே தண்ணீர்க் குழாயே உறைந்து கிடக்கிறது. இந்தக் குளிரில் ஏது ஈ, ஏது வண்டு?

டிசம்பர் 12

இன்றும்.

டிசம்பர் 15

பசைக் காகிதம் எட்டுத் தொங்கவிட்டேன். ஒன்றிலும் ஒரு பூச்சிக் கால்கூட ஒட்டவில்லை. சிவப்பு மட்டும் கூடியிருக்கிறது.

தண்ணீர் ஊற்றுகிற பெரியவரைக் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ம்'. இருபது வருஷத்தில் அதைத் தவிர வேறு பேசி யாரும் கேட்டதில்லை. உள்ளே வந்தீங்களா? தலையாட்டினார், இல்லை என்று. யாராவது வந்தாங்களா? என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ம்" என்றார். யாரு? வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மனுஷனா அவர்.

டிசம்பர் 19

தரை முழுக்க மாவு சலித்துவிட்டு வந்தேன். திருடனைப் பிடிக்கிற புத்தி. காலையில் குனிந்து பார்த்தேன்.

வாசலிலிருந்து தொட்டி வரைக்கும் செருப்புத் தடம். தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம். திரும்பவும் வாசல். அளந்து பார்த்தேன். என் செருப்பு.

நேற்று சாயங்காலம் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை உள்ளே போயிருப்பேன். போயிருப்பேனா? மாவு போட்ட பிறகா, முன்னாடியா? கதவைப் பூட்டினது ஞாபகம் இருக்கிறது. சுற்றி நடந்தது ஞாபகம் இல்லை. நடுவில் ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. செடியைப் பார்த்து இல்லை.

ஜனவரி 3

பதியங்கள் எல்லாம் வேர் பிடித்துவிட்டன. அண்ணன் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். இவ்வளவு சுலபமாக வேர் பிடிக்கிற உண்ணியை நான் கண்டதில்லை. ஒன்றுகூடச் சாகவில்லை. ஐநூற்றில் ஒன்றுகூட.

ஜனவரி 14

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும். பனியில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டை விட்டு இறங்கக்கூடாது என்று அண்ணி சட்டம் போட்டுவிட்டார்கள். 'ம்'மிடம் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், கை வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 27

கட்டுக்குள் விரல் ஆடுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். சும்மா இருக்கும்போது, சாப்பிடும்போது, யாரோடாவது பேசும்போது. கிள்ளுகிற மாதிரி. அண்ணி பார்த்துவிட்டு, அரிக்குதா என்றார்கள். இல்லை. அரிப்பு இல்லை. அது பாட்டுக்கு ஆடுகிறது.

அறையில் உண்ணி வாடை. போர்வையை மாற்றினார்கள், அப்புறமும் இருக்கிறது.

பிப்ரவரி 6

அண்ணன் சொன்னார், அறுபத்தொன்றில் பூ குறைந்துவிட்டதாம். "நீ இல்லாம ஏங்குது போல" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூ ஏன் குறைய வேண்டும்? இரண்டு வருஷத்தில் ஒரு வாரம்கூடக் குறைந்ததில்லையே.

பிப்ரவரி 27

கட்டுப் பிரித்தார்கள். நேராகக் கண்ணாடி அறைக்குப் போனேன்.

காய்.

கொத்துக் கொத்தாகக் காய். பச்சை, கருநீலம், கறுப்பு. மிளகை எண்ணெயில் புரட்டி எடுத்த மாதிரி பளபளவென்று. பூ நாலே நாலு.

நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போது என் வலது கை, ஆறு வாரம் சும்மா கிடந்து மெலிந்துபோன கை, நான் சொல்லாமலே எழுந்து அந்த நாலில் வாடின ஒன்றைக் கிள்ளியது. கிள்ளிவிட்டுப் பக்கத்துக் கொத்தைத் தடவியது. அதையும் கிள்ளியது. என் கண் முன்னால். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

விரல் நுனியில் மஞ்சள் தூள்.

யார் என்று கேட்டேனே. ஈயா, வண்டா, பேயா? நான். பதினான்கு வருஷமாக வாடின கொத்து அழுகிப் பூசணம் பிடிக்கக்கூடாது என்று கிள்ளிக் கிள்ளி, ஒரு செடியைக் கடக்கும்போது கிள்ளாமல் போகத் தெரியாது எனக்கு. மகரந்தம் பூசினதும் நான். காய்ப்பதற்கு முன் கிள்ளி எறிந்ததும் நான். எறிந்துவிட்டுப் போய் நோட்டில் எழுதுவேன்: காய் — இல்லை. காய்க்க விட்டால்தானே!

அது ஓயாமல் பூத்ததற்கும் காரணம் நான்தான். பிள்ளையைப் பறிகொடுக்கிறவள் திரும்பத் திரும்பப் பெறுகிற மாதிரி பூத்திருக்கிறது பாவம்.

உறுதிப் படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

பிப்ரவரி 28

நேற்று எழுதாமல் விட்டது. பாதிக் காம்புகள் மொட்டையாக இருந்தன. கூரையில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டு, ஒரு கை அகலம் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த விளிம்பில் ஊதா நிற எச்சம்.

பறவைகள் தின்றிருக்கின்றன. எத்தனை நாளாகவோ.

மார்ச் 1

சில சமயம் விதை பொக்காக இருக்கும், முளைக்காது. அதை நம்பி இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி அடுப்பு ஓரம் வைத்திருக்கிறேன். சாமி கும்பிட்டேன். முளைக்கக்கூடாது என்று கும்பிடுகிற நர்சரிக்காரி நான் ஒருத்திதான் இருப்பேன்.

மார்ச் 4

அண்ணனிடம் சொன்னேன். பேயறைந்த மாதிரி இருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி:

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப நீ பாட்டுக்குக் கிள்ளிட்டே இரு."

"ஐநூறு வீட்டுலயும் போய் நானா அண்ணா கிள்ள முடியும்?"

துணியில் வைத்த விதை முளைக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார் அண்ணன். லாரி இருபத்தைந்தாம் தேதி வருகிறது. நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? என் மனசுக்குத் தெரியும். அந்தச் செடி போனால் எனக்கு என்ன இருக்கிறது? நாற்பதில் ஆரம்பித்தேன். இப்போது ஐம்பத்து நாலு.

மார்ச் 21

இருபதில் பதினேழு முளைத்துவிட்டன.

மார்ச் 22

அலுவலகத்துக்கு எழுதிக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். படிவம் தவறு, தவறு என்னுடையது, என் கைப்பழக்கத்தால் காய் தெரியாமல் போனது. இவ்வளவுதான். மூன்று வரி. எழுதும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனிடம் வந்து சொன்னேன். என்னைப் பார்க்காமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 25

லாரி வந்து காலியாகத் திரும்பியது. கம்பெனிக்காரர் போனில் கத்தினார். கத்தட்டும். அலுவலகத்து ஆள் முன்னால் ஐநூறையும் கொளுத்தினோம். அறுபத்தொன்றை நானே வேரோடு எடுத்துப் போட்டேன். ஈரச்செடி, எளிதில் பற்றவில்லை. சுற்றிலும் கரிந்தபின்னும் நடுவில் ஒரு கொத்து மஞ்சளாக இருந்தது கொஞ்ச நேரம்.

'ம்' பக்கத்தில் நின்றார். "அன்னிக்கே சொல்லியிருப்பேன்மா. தினம் ரெண்டு வேளை சுத்தி வருவீங்க. கூப்பிட்டாத் திரும்ப மாட்டீங்க. அதான் பயந்துட்டேன்" என்றார். இருபது வருஷத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசிவிட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 8

வேறு வேலை. தக்காளி நாற்று. அண்ணன் பேச ஆரம்பித்திருக்கிறார், மழையைப் பற்றி. விரல் இப்போது அவ்வளவாக ஆடுவதில்லை.

நவம்பர் 16

முதல் உறைபனி. மருந்து வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பின்சுவரில், செங்கல் இடுக்கில் மஞ்சள் தெரிந்தது. யாரோ போட்ட காகிதம் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன்.

கிட்டப் போனால், இலை ஓரத்தில் பனி. மேலே பூ.

நவம்பர் 17

பள்ளிக்கூட மதில். தண்ணீர்த் தொட்டியின் அடி. கால்வாய் ஓரத்தில் மூன்று. பிடுங்கினால் வேர் இடுக்கிலேயே முறிகிறது. அலுவலகத்தில் சொல்லிவிட்டேன், ஆள் அனுப்புகிறார்களாம். அதுவரை காய்க்க விடக்கூடாது. அதற்கு ஒரு வழிதான் உண்டு, அது எனக்கு நன்றாகவே தெரியும்.

நவம்பர் 29

இப்போது பதினொரு செடி. தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று. கிள்ளினால் காய் இல்லை. கிள்ளினால் இன்னும் பூக்கிறது. இன்னும் பூத்தால் இன்னும் கிள்ள வேண்டும். ஆள் இன்னும் வரவில்லை.

டிசம்பர் 3

காய்ச்சல். போக முடியவில்லை. படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன், இன்று எத்தனை கொத்து வாடியிருக்கும் என்று.

டிசம்பர் 7

நாலு நாள் கழித்துப் போனேன். காய் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஒன்றுமில்லை. பதினொன்றிலும் ஒரு வாடின கொத்து இல்லை. சுத்தமாகக் கிள்ளியிருந்தது. மிச்சப் பூக்கள் சிவந்திருந்தன, ஓரத்திலிருந்து உள்ளே, வரிசையாக. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இன்னும் ஆள் யாரும் வரவில்லை என்றார்கள்.

மதியம் அண்ணி சாப்பாடு பரிமாறினார்கள். அந்த வாடை ஆகாது என்று ஒரு வருஷம் மூக்கைப் பொத்தினவர்கள். கரண்டி பிடித்த கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தடியில் மஞ்சள்.

"எனக்காகப் போனீங்களா அண்ணி?"

"எங்க?" என்றார்கள். உண்மையாகவே யோசித்தார்கள். பிறகு தங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். "மார்க்கெட்டுக்குத்தான் போயிட்டு வந்தேன். எப்ப பட்டுச்சுன்னு தெரியலியே."

எழுந்து அவர்களைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டேன். கழுவிக்கொண்டிருக்கும்போதே என் பிடிக்குள் அவர்களுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக ஆடின, கிள்ளுகிற மாதிரி.