வெட்டிய வன்னிக் கன்றுகள்

ஜெபல் அலி கேம்ப்
பங்குனி 9

பாசமுள்ள மகள் பானுப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் சுகம், மூட்டுவலி மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை ஜோதிமணியும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் கருப்பசாமி துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். துபாய் தேரா பஜாரில் கடை வைத்திருக்கும் ராஜிக் பாய் லீவில் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் நீ ஒரு கேள்வி கேட்டால் எனக்கு நாக்குக் குழறிவிடும். ஆடியில் காண்ட்ராக்ட் முடிந்ததும் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றித்தான் இது. கோபப்படாமல் கடைசிவரை படி.

கார்த்திகையிலிருந்து என்னை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பாலைவனத்துக்குள் ஒரு அரபி கைவிட்டுப் போன பழைய பண்ணை. காட்டையும் நீர்நிலையையும் காப்பாற்றுகிற சங்கம் ஒன்று அதை விலைக்கு வாங்கி வேலி போட்டிருக்கிறது. நான் வில்லா கட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு எப்போது அஸ்திவாரம் தோண்டுவீர்கள் என்று கேட்டேன், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒன்றும் கட்டப்போவதில்லையாம். நூற்றுக்கு மேல் காஃப் மரம், தண்ணீர் தேங்கும் ஒரு நாணல் பள்ளம், குளிர்காலத்தில் அதில் வந்து இறங்கும் பறவைகள், இவையெல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்காக வாங்கினார்களாம். பதினெட்டு வருஷமாக இந்த நாட்டில் ஒரு அடி மண்ணைச் சும்மா விட்டு நான் பார்த்ததில்லை ஆத்தா. காஃப் என்றால் வேறொன்றும் இல்லை, நம் சிவன் கோயிலில் நிற்கிறதே வன்னி, அதே மரம். கை வைத்தால் சுடுகிற மணலில் இலை வாடாமல் பச்சையாக நிற்கிறது.

அந்த மரங்களுக்கு நடுவே நம் ராமநாதபுரத்துச் சனியன் சீமைக்கருவேலமும் கடல் தாண்டி வந்து மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டத்தான் ஆள் தேடினார்கள். இதை வெட்ட யாருக்குத் தெரியும் என்று சூப்பர்வைசர் பாலகுரு கேட்டதும் நான் முந்திக்கொண்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டுவேன் என்று பீற்றிக்கொண்டேன். பத்து நாள் நன்றாகத்தான் போனது. பதினோராம் நாள் பள்ளத்தோரம் முழங்கால் உயரத்தில் வரிசையாகப் பதினொரு கன்று, அதே இலை, வெட்டிச் சாய்த்துவிட்டேன். சாயங்காலம் குவியலை அள்ளும்போதுதான் முள்ளைப் பார்த்தேன். கருவேலத்துக்குக் கணுவில் ஜோடி ஜோடியாக நீள முள் இருக்கும். இதில் சின்னச் சின்ன முள் தண்டெல்லாம் சிதறி இருந்தது. வன்னிக் கன்றுகள் ஆத்தா! பாலகுரு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, வாயத் தொறக்காதீக. ஆடு மேஞ்சிருச்சுன்னு சொல்லிப்புடுவோம். இல்லாட்டி விசாவ கேன்சல் பண்ணி ஏத்தி விட்ருவாக, கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றான். ஆடியில் எப்படியும் வரத்தான் போகிறேன் என்றிருந்தேன், ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிற சந்திரகலா மேடத்திடம் நானே சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர்க் குடும்பம், இங்கேயே வளர்ந்தவர். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷமாக ஆடும் ஒட்டகமும் தின்று அங்கே ஒரு விதை கூடப் பிழைக்கவில்லையாம், வேலி போட்ட பிறகு தானாக முளைத்த முதல் கன்றுகள் அவைதானாம். "நாலு வருஷமா இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன் அண்ணா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பண்ணையின் பாழுங்கிணற்றைத் தூர்வாரக் கயிறு கட்டி என்னை இறக்கினார்கள். பதினைந்து ஆள் ஆழம் இருக்கும். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரைப் பிளந்துகொண்டு விரல் கனத்தில் ஒரு வேர். மேலே பக்கத்து வன்னி மரமே அறுபது அடி தள்ளி நிற்கிறது. அதன் வேர் அவ்வளவு ஆழம் வந்து, அதுவும் போதாமல் என் காலடி மண்ணுக்குள் இன்னும் கீழே போகிறது. தொட்டேன், சில்லென்று ஈரம். கயிற்றை விட்டுவிட்டுக் கும்பிட்டேன் ஆத்தா, எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலே வந்து சொன்னதும் மேடம் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். முழங்கால் உயரக் கன்றுக்கே வேர் ஆள் உயரத்துக்கு மேல் இறங்கியிருக்கும், செத்திருக்காது, பொறுத்துப் பார்ப்போம் என்றார். போன வாரம் பதினொன்றில் ஏழு துளிர்த்துவிட்டது. உளுந்து அளவு இலை. இத்தனை வருஷம் எத்தனையோ கட்டடம் எழும்புவதைப் பார்த்திருக்கிறேன், இப்படி நெஞ்சு விம்மியதில்லை.

ஆனால் காற்றில் மணல் குவிந்து வேலியை மூடிவிடுகிறது, ஒட்டகம் அதன்மேல் நடந்து உள்ளே வந்துவிடுகிறது. ஒட்டகத்தின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை கன்றுகளுக்குக் காவல் வேண்டும். என்னை இருக்கச் சொல்கிறார் மேடம். முதலில் இரண்டு வருஷம். எனக்கு இருக்க வேண்டும் போல் இருக்கிறது.

இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ வயதுக்கு வந்ததைப் போட்டோவில் பார்த்தேன், உன் கல்யாணத்துக்குப் பதினோரு நாள் லீவில் வந்து திரும்பினேன். நீ வளர்ந்ததைக் கூட இருந்து பார்க்காதவன் ஒரு செடி வளர்வதைப் பார்க்கப் போகிறேன் என்றால் உனக்கு எரிச்சல் வரத்தான் செய்யும், அது நியாயம்தான். மேடத்திடம், என் மகள் சொன்னால்தான் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இதை இப்போது படித்துக் காட்டாதே, அவள் சரி என்றே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டாள். மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல். மாப்பிள்ளையை வண்டியில் நிதானமாகப் போகச் சொல். நீயும் அவரும் குழந்தை குட்டியோடு குறைவில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். ராஜிக் பாய் திரும்பும் முன் உன் பதிலைத் தெரியப்படுத்து. நான் முதல் தடவை பிளைட் ஏறியபோது உனக்கு ஆறு வயது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், அன்றைக்கு உன்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன் ஆத்தா, வா என்றால் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா
கார்மேகம்