பூனைக்கு வாங்கிய மாத்திரை

கண்ணு,

நம் கிழட்டுப் பூனைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதாம். அதனால்தான் தின்றுகொண்டே இளைக்கிறது. அறுவை சிகிச்சை, அயோடின் ஊசி, தினமும் மாத்திரை என்று கால்நடை மருத்துவர் மூன்று வழி சொன்னார்.

"வயசான பூனை, மாத்திரையே போதும். காய்ச்சல் வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டுத் தூக்கிட்டு வாங்க."

உன் அப்பா பக்கத்தில் நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டார். சில மாதங்களாக அவரும் அப்படித்தான் சாப்பிட்டுச் சாப்பிட்டு இளைக்கிறார்; கை நடுங்கும். தனக்கு டாக்டர் என்றால் மட்டும் எரிந்து விழுவார்.

"பூனைக்கு நானே குடுத்துக்கறேன், நீ போ" என்று டப்பாவைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

டப்பா காலியாகிவிட்டது. பூனை இன்னும் எலும்பும் தோலுமாகத்தான் இருக்கிறது. அப்பாவின் கை நடுங்குவதில்லை.

காலையிலிருந்து அவருக்குக் காய்ச்சல். "மழையில நனைஞ்சுட்டேன்" என்கிறார். இங்கே மழையே பெய்யவில்லை.

அம்மா