திட்டாத மனைவி

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நாம் சேர்ந்து பார்த்த விண்வெளித் தொடரின் புதுப் பகுதியைப் பார்த்தேன். கப்பல் மெக்கானிக் ஒரு கிரகத்தில் இறங்கினால், அங்கே அவன் வீடு, அவன் மனைவி. தாமதமாக வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். எப்போதும் திட்டுகிறவள் திட்டாததால் மாயை என்று கண்டுகொண்டு, கப்பலுக்கே திரும்பிவிடுகிறான். சரியான முடிவுதான். ஆனாலும் எனக்குக் கோபம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டாவது கிளம்பியிருக்கலாம்.

அதே நினைப்பில், இங்கே லாண்டரி வேலையில் வெள்ளை விரிப்புகளோடு நீலச் சீருடைகளையும் போட்டுவிட்டேன். விரிப்பெல்லாம் விடியற்கால வானமாக வெளியே வந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். "எந்த உலகத்துலப்பா இருக்கே?" என்றார் சூப்பர்வைசர். கவலைப்படாதே, வேலை போகவில்லை.

ஊரிலிருந்து அனுப்புகிற பார்சலில் நீ துவைக்கிற சோப்பு ஒன்று வை. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. விரிப்பைக் கெடுத்ததற்கு நன்றாகத் திட்டி எழுது. நீதான் என்று எனக்குத் தெரியவேண்டும்.

உன் வீட்டுக்காரன்