தம்பியின் மூச்சை நீதான் கவனித்தாய்

ஜெமிமா கண்ணு,

தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இப்போது பரவாயில்லை. பக்கத்து வீட்டுக் கனகவல்லி ஆன்ட்டியை அவனிடம் உட்காரவைத்துவிட்டு, துணி எடுக்க ஓடி வந்தேன்.

காலையில் நீ, "அம்மா, தம்பி மூச்சு இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுது பாரும்மா"ன்னு சொன்னாய். "வெறும் சளிடி, ஸ்வெட்டரைக் கழட்டாதே"ன்னு கத்தினேன். நீ சாப்பிடாமலே ஸ்கூலுக்குப் போய்விட்டாய். அப்புறம் அவன் பால் குடிக்காமல் துவண்டான். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். நீ சொன்னபடியே மூச்சுக்கு மூச்சு குழி விழுந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். "நிமோனியாம்மா, கடுமையாத்தான் இருக்கு. நல்லவேளை, இப்பவே கொண்டு வந்தீங்க" என்றார். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்ததும் மூச்சு கொஞ்சம் அடங்கியது.

ரசம் சாதம் மூடி வைத்திருக்கிறேன், மிச்சம் வைக்காமல் சாப்பிடு. அப்பா கம்பெனிக்குப் போன் பண்ணிவிட்டேன். மறைமலை நகரிலிருந்து நேரே வந்து உன்னைக் கூட்டிவருவார்.

அம்மா

பி.கு: முதலில் பார்த்தது என் பெண்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். தம்பி மூக்கில் குழாய் இருக்கும், நீ பயப்பட மாட்டாய். எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. சீக்கிரம் வந்து என் பக்கத்தில் உட்காரு.